வலி என்று சொல்லக் கூடாத வீடு

சின்னமனூர் கடைவீதியில் தண்ணீர் மோட்டார் சாமான் விற்கும் கடைகள் ஏழெட்டு உண்டு. என்ன சாமான் வேண்டும் என்று தெரிந்தவர்கள் எந்தக் கடையில் வேண்டுமானாலும் ஏறுவார்கள். மோட்டாருக்கு என்ன வந்தது என்றே புரியாமல் தவிப்பவர்கள் மட்டும் ஜேசுராஜ் கடையைத் தேடி வருவார்கள். அதிலும் ஜேசுராஜ் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கி நின்று, அவர் மனைவி கிருபாவதி வரும்வரை காத்திருப்பார்கள்.

கிருபாவதி எந்தத் தொழில் படிப்பும் படித்தவளல்ல. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். கல்யாணமான புதிதில் மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள், கணவர் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் கல்லாவில் உட்கார்ந்தாள். அப்படியே பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. கருகிப்போன கண்டென்சரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வருகிற விவசாயியிடம் அவள் முதலில் சாமானை வாங்கிப் பார்க்க மாட்டாள். சத்தம் எப்படி வந்தது, வாடை அடித்ததா, எத்தனை நாளாக இழுக்கிறது என்று கேட்பாள். பாதிப் பேர் மறைப்பார்கள். தாங்களே கழற்றிப் பார்த்துக் கெடுத்ததைச் சொல்ல அவர்களுக்கு வெட்கம். அவள் விட மாட்டாள்.

“கோளாற மறைக்காதீக அண்ணே. நீங்க மறைச்சா, நான் குடுக்கிற சாமான் உங்க மோட்டாருக்குச் சேராது. அப்பறம் என்னையத்தான் வைவீக.”

இதைச் சொல்லிச் சொல்லியே கடைவீதியில் அவளுக்கு ஒரு பேர் உண்டாகியிருந்தது. அப்படிப்பட்டவள்தான் தன் சொந்தப் பிள்ளை விஷயத்தில் ஐந்து வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அந்த ஐந்து வாரத்தை அவள் இன்றுவரை தாண்டி வந்தபாடில்லை.

பிள்ளையின் பெயர் ஷீபா. வயது பத்து. ஒரே பிள்ளை. வாயாடி. சபைக்குப் போனால் பாட்டுக்குத் தாளம் போடுகிற பெரியவரின் கையிலிருந்து கஞ்சிராவைப் பிடுங்கித் தான் தட்டுகிற பிள்ளை.

அவர்கள் போகிற சபை, கடைவீதியிலேயே ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது. கிருபாவதி போடியில் வளர்ந்தது மணிக்கூண்டு வைத்த பழைய கோயிலில். அங்கே ஜெபம் என்றால் புத்தகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்வது. இங்கே அப்படியல்ல. கைதட்டிப் பாடுவார்கள், அழுவார்கள், ஞாயிறுதோறும் யாராவது எழுந்து நின்று கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்வார்கள். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகி, பிடித்தும்போனது. பாஸ்டர் அய்யாத்துரை நல்ல மனுஷன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து பெஞ்சு தூக்கிப் போடுவார்.

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வைப்பார். வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்து ஒன்றை எடுக்க வேண்டும். அதில் என்ன வாக்கு வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்குக் கர்த்தர் கொடுத்த வார்த்தை. அந்த வருஷம் ஷீபா எடுத்த அட்டையில் எலும்புகளைப் பற்றி இருந்தது. எலும்புகளை எல்லாம் அவர் காப்பார், ஒன்றும் முறியாது என்று. கிருபாவதிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அதற்கு முந்தின வருஷம் வியாபாரத்துக்கு ஏற்ற மாதிரி வந்திருந்தது. இந்த எலும்பு வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தாள். ஜேசுராஜ் அதையும் லேமினேஷன் செய்து கடைக் காலண்டருக்கு மேலே மாட்டினார்.

“அப்ப நான் மாமரத்துல ஏறலாம்ல டாடி? விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று ஷீபா கேட்டாள். கடையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

மே மாதம் சபையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் பாட்டும் கதையுமாக வகுப்பு நடக்கும். கடைசி நாளில் எங்காவது கூட்டிப்போவார்கள். அந்தத் தடவை அனுமந்தன்பட்டிப் பக்கம் சுருளிராஜன் என்பவரின் திராட்சைத் தோட்டம். சுருளிராஜன் சபைக்காரர் இல்லை. கிருபாவதியின் கடைக்கு வாடிக்கைக்காரர். மோட்டார் பேச்சுக்கு நடுவே பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வர, நம்ம தோட்டத்துக்குக் கூட்டி வாங்க என்று அவராகச் சொன்னது. பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை குலை குலையாகத் தொங்கியது. பந்தலைத் தாங்குவது கல்லுக்கால்கள். பழைய பந்தல். ஓரத்துக் கல் ஒன்று சாய்ந்து நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கம்பியைப் பிடித்து ஊஞ்சலாடினார்கள். கல் ஆடி, கம்பியை இழுத்துக்கொண்டு சாய்ந்தது. மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஷீபாவின் வலது தொடைமேல் கல் விழுந்தது.

தேனிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்கு. பாஸ்டர் ஆம்புலன்ஸிலேயே கூட வந்தார், ரத்தமும் கொடுத்தார். முட்டிக்குக் கொஞ்சம் மேலே எலும்பு இரண்டாகப் போயிருந்தது. தகடு வைத்து ஆணி முடுக்கினார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கிருபாவதி சாமானைப் பார்த்தே பழகியவள். இரண்டு துண்டுகளையும், அவற்றின் முனை ஒன்றுக்கொன்று பார்க்காமல் திரும்பி நிற்பதையும் அவள் நன்றாகப் பார்த்தாள். ஜேசுராஜ் பார்க்கவில்லை. அவர் யாரையோ கடைக்கு அனுப்பி அந்த அட்டையைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் முறியாதுன்னு வார்த்தை வந்துருக்கு கிருபா. அப்ப இது என்ன?” என்று கேட்டார். பிறகு அவரே பதிலும் சொன்னார். முறிந்த சுவடே தெரியாமல் கர்த்தர் சேர்த்துக் கொடுக்கப் போகிறார், அதைத்தான் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார் என்று. அந்த முகத்தைப் பார்த்தபோது கிருபாவதிக்கு எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை. அவளுக்கும் அப்படி நம்பத்தான் ஆசையாக இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு பாஸ்டர் ஜெபம் செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். ஆனால் வாயில் மட்டும் குறை வரவேண்டாம். எதைச் சொல்கிறோமோ அதுதான் வீட்டில் வந்து நிற்கும். அவர் எல்லோருக்கும் சொல்கிறதுதான் இது. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வார். ஜேசுராஜ் அதைச் சட்டமாக்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் வலி என்ற சொல் கிடையாது.

தேனியிலிருந்து அனுசுயா என்ற பெண் வாரம் மூன்று நாள் ஸ்கூட்டியில் வந்து ஷீபாவுக்குக் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சிரிப்பும் கேலியுமான பெண். முதல் நாள் முட்டியை மடக்கியபோது ஷீபா ‘ஐய...’ என்று ஆரம்பித்தவள், அப்பா நிற்பதைப் பார்த்து “ஸ்தோத்திரம்” என்று கத்தினாள். அனுசுயா பயந்துபோய்க் கையை எடுத்தாள். விஷயம் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏய், இப்டிக் கத்துனா ஒங்க சாமிக்குக் காது போயிரும்டி.”

பிறகு அதுவே அவர்களுக்குள் கணக்காகிவிட்டது. மெல்ல மடக்கினால் மெல்லிய ஸ்தோத்திரம். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தெருவுக்குக் கேட்கிற ஸ்தோத்திரம். இன்னைக்குப் பதினாலு, போன தடவைக்கு இது குறைச்சல், தேறிட்ட என்று அனுசுயா விரல் விட்டுச் சொல்வாள். கிருபாவதி அடுக்களையிலிருந்து எண்ணிக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். எண்ணிக்கை குறையக் குறைய அவளுக்கு உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் வாரத்து ஞாயிறு. ஷீபாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாட்சி நேரத்தில் ஜேசுராஜ் எழுந்தார். அவர் அதிகம் பேசுகிறவரல்ல. கல் விழுந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி, அட்டையைத் தூக்கிக் காட்டி, “எம்மக சுகமாயிட்டா. கர்த்தர் சொன்னதச் செஞ்சுட்டாக” என்றார். ஷீபா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தாள். சபையே அழுதது. கிருபாவதியும் அழுதாள். அது பொய் அழுகை இல்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஷீபாவால் வெறும் பிள்ளையாக இருக்க முடியவில்லை. கடைவீதியில் பார்க்கிறவர்கள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கடமலைக்குண்டிலிருந்து ஒரு அம்மா, வலிப்பு வருகிற தன் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். இந்தப் பிள்ளை கை வைத்து ஜெபித்தால் போதும் என்றாள். ஷீபா கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தாள். வந்தவர்கள் போனபிறகு, “அந்த அக்காவுக்குச் சரியாயிருமாம்மா?” என்று கேட்டாள். கிருபாவதி ஆகும் என்றாள். “நான் நல்லா இருந்தாத்தான ஆகும்?” என்றாள் பிள்ளை. கிருபாவதி போர்வையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் நாலு மணியானால் ஷீபாவின் கண் சிவக்க ஆரம்பித்தது. புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு. பெரிய காய்ச்சல் இல்லை. காலையில் இருக்காது. தையல் போட்ட இடத்தைத் தொட்டால் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், வாய் திறப்பதில்லை. கிருபாவதி ஜேசுராஜிடம் சொல்லவில்லை. காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துப் பூஸ்ட்டில் கலந்து கொடுத்தாள். அரை மணி நேரத்தில் சூடு இறங்கிவிடும். பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொள்வாள். மறுநாள் நாலு மணிக்கு மறுபடி.

ஸ்தோத்திரங்களும் நின்றுபோயின. அனுசுயா காலை மடக்கும்போது ஷீபா தலையணையைக் கடித்துக்கொண்டு சும்மா கிடந்தாள். இன்னைக்குச் சைபர் என்று அனுசுயா சந்தோஷப்பட்டாள். சத்தம் இல்லையென்றால் வலி இல்லை என்றுதான் அவளும் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டியிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். தையல் தழும்பைப் பார்த்தார், காய்ந்து சுத்தமாக இருந்தது. தலை நிமிராமலே கேட்டார். காய்ச்சல் ஏதும் வருதாம்மா? வலி எப்படி இருக்கு?

பக்கத்து நாற்காலியில் ஜேசுராஜ். கட்டிலில் ஷீபா, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு. கிருபாவதி பின்னாளில் எத்தனையோ தடவை அந்த அறைக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு முட்டி எலும்பு இருந்தது. மின்விசிறி டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது, இன்னும் ஒரு மாசம்கூட ஓடாது என்று அந்த நேரத்திலும் அவள் நினைத்தாள். சொல்வதற்கு நேரம் இருந்தது. யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை.

“இல்ல சார். கர்த்தர் கிருபையில நல்லாருக்கா.”

டாக்டர் ஷீபா பக்கம் திரும்பினார். “உனக்கு வலி இருக்கா பாப்பா?”

“இல்ல சார். நல்லாருக்கேன்.”

அம்மா சொன்ன அதே குரல், அதே இழுப்பு. டாக்டர் சிரித்து, இரண்டு மாதம் கழித்து வந்தால் போதும் என்று எழுதிக்கொடுத்தார்.

ஊருக்கு வந்த சில நாளில் சுருளிராஜன் கடைக்கு வந்தார். கல் விழுந்த நாளிலிருந்து அவர் இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. மோட்டார் சரியாக இழுக்கவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர், கோளாறு என்ன என்று கேட்டால் வாய் குழறினார். கடைசியில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுகமாயிருச்சு அண்ணே என்றாள் கிருபாவதி. நின்ற இடத்திலேயே அந்தப் பெரிய மனுஷன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

“எனக்கு இப்பத்தாந் தாயி சோறு எறங்கும்” என்றார். மறுநாள் ஒரு பெட்டி திராட்சை வந்தது. ஷீபா ஒன்றுகூட எடுத்து வாயில் வைக்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்று. அனுசுயா தைலம் தடவத் தொடையில் கை வைத்தவள், கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். தழும்பின் கீழ்முனையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்து, மினுமினுவென்று இருந்தது. லேசாக அழுத்தினாள். ஷீபாவின் உடம்பு முழுவதும் விறைத்தது. சத்தமில்லை. அனுசுயா குனிந்து அவள் காதருகே போய் வலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்று ஷீபா தலையாட்டினாள். மறுபடியும் கேட்டாள். பிள்ளை வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

“வலின்னு சொன்னா டாடி சொன்ன சாட்சி பொய்யாயிரும்க்கா.”

அனுசுயா எழுந்து அடுக்களைக்கு வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டாள். கிருபாவதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அக்கா, நீங்க கடையில வர்றவுகள்ட்ட என்ன சொல்லுவீகன்னு எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும். எங்கப்பாவே சொல்லிச் சிரிப்பாக. ஒரு மோட்டாருக்குக் கேக்கிறத பிள்ளைக்குக் கேக்கலையேக்கா.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

மதுரைக்குப் போகும் வழியிலேயே அந்தச் சிவப்பு உடைந்து சீழ் வந்தது. அன்றைக்கே மறுபடி திறந்தார்கள். தகட்டைச் சுற்றி எலும்பு அரித்திருந்தது. தகடும் ஆணியும் வெளியே வந்தன. அதற்குப் பதிலாகக் காலுக்கு வெளியே கம்பி கட்டி எலும்பை நிறுத்தினார்கள். ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏறியது. டாக்டர் கிருபாவதியைத் தனியாகக் கூப்பிட்டார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று அவரும் கேட்டார். அஞ்சு வாரம் சார் என்றாள். அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

“அன்னைக்கே கேட்டேனேம்மா.”

பிறகு மெதுவாக விளக்கினார். முட்டிக்கு மேலே எலும்பு வளர்கிற இடம் ஒன்று உண்டு, கிருமி அதைத் தின்றுவிட்டது. பிள்ளை வளர வளர இடது கால் வளரும், வலது கால் அதோடு சேர்ந்து வளராது. இப்போதே ஒரு விரற்கடை குறைச்சல். பின்னால் பார்த்துக்கொள்ளலாம், வழிகள் இருக்கின்றன. இப்போதைக்குக் கவலை அது இல்லை. கிருமி மறுபடி வராமல் இருக்க வேண்டும். வந்தால் முதலில் பிள்ளைக்குத்தான் தெரியும். பிள்ளை சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை இப்படி விட்டால் காலைக் காப்பாற்றித் தருகிறேன் என்று என்னால் சொல்ல முடியாது.

ஷீபா சொல்ல மாட்டேன் என்றாள். அதாவது, அப்படிச் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் நல்லாருக்கு என்றாள். நர்ஸ் ஒரு அட்டை கொண்டுவந்தாள். வரிசையாக ஆறு முகங்கள். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை. வலி எவ்வளவு என்று பிள்ளைகள் தொட்டுக் காட்டுவதற்கு. கம்பி குத்திய ஓட்டைகளை மருந்து வைத்துத் துடைக்கும்போதுகூட, கண்ணோரம் நீர் வழிய, ஷீபா சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டாள். நர்ஸ் கிருபாவதியைத் திரும்பிப் பார்த்தாள். கிருபாவதி சுவரைப் பார்த்தாள்.

பாஸ்டர் வந்தார். கட்டில் ஓரத்தில் நின்று ஜெபம் செய்ய ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். “நான் டாக்டர்கிட்ட மறைக்கச் சொல்லலையே சிஸ்டர்” என்றார். நீங்க சொல்லலைதான் பாஸ்டர் என்றாள் அவள். அது உண்மைதான். யாரும் சொல்லவில்லை. சபையிலிருந்து வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் மட்டும், அம்மாக்காரிக்கு விசுவாசம் இல்லை, அதான் கிடைத்த சுகம் நிற்கவில்லை என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. சுருளிராஜன் வரவில்லை. தோட்டத்தை ஒத்திக்கு விட்டுவிட்டுக் கம்பம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஜேசுராஜ் அட்டையைத் தன் பைக்குள் வைத்திருந்தார். அவர் அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கிருபாவதி செய்யாத வித்தை இல்லை. கொஞ்சினாள், மிரட்டினாள், கெஞ்சினாள். வலின்னு சொல்லு ஆத்தா, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்பாள். பிள்ளை அட்டை கிடக்கிற அப்பாவின் பையைப் பார்ப்பாள். கிருபாவதிக்கு ஜெபமும் வரவில்லை. முழங்காலில் நின்றால், கர்த்தாவே என்பதற்கு மேல் வார்த்தை இல்லை. முன்பெல்லாம் குறையைச் சொல்லாமல் ஸ்தோத்திரம் மட்டும் சொல்லி ஜெபிப்பாள். இப்போது அந்த ஸ்தோத்திரம் என்ற சொல்லே, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த பிள்ளையைத்தான் கொண்டுவந்து நிறுத்தியது. இருக்கிறாரா என்று அவள் சந்தேகப்படவில்லை. இருக்கிறார், அன்றைக்கு அந்த அறையிலும் இருந்தார், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

நவம்பரில் ஒரு நாள் கம்பி ஓட்டைக்குக் கட்டுப் போடும்போது, பிள்ளையின் உதடு நடுங்கியதைப் பார்த்து, யாரிடம் பயம் என்று கேட்டாள். பிள்ளை கட்டுத் துணியின் முனையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

“டாடி சபையில வச்சுல்ல சொன்னாக. எல்லார் முன்னாலயும்.”

கிருபாவதிக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளையின் கணக்கில் அது வீட்டுக்குள் அழிக்கிற எழுத்தில்லை. எழுதின இடத்தில்தான் அழிக்க வேண்டும்.

ஜேசுராஜிடம் சொன்னாள். அவர் கடைச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“என் வாயால வந்த வார்த்தைய நீ எந்திரிச்சுப் பொய்யாக்கப் போறியா?”

“அது ஏற்கெனவே பொய்யாத்தாங்க கெடக்கு. பிள்ளை அதத் தூக்கிச் சொமக்குது.”

“எனக்கு வேற என்ன இருக்கு கிருபா?” என்றார். அவள் அந்த மனுஷனை அவ்வளவு வெறுமையாக அதற்கு முன் பார்த்ததில்லை. அவரை அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷீபாவை இரண்டு பேர் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினார்கள். கம்பி கட்டிய காலைப் பார்த்துப் பிள்ளைகள் விலகி உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. வெளிநாட்டு வேலை கிடைத்த ஒரு பையனின் அம்மா பேசி முடித்தாள். கிருபாவதி எழுந்தாள். கடையில் நாற்பது பேர் முன்னால் பேசினாலும் தடுமாறாதவள், ஷீபாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்மக சுகமாயிட்டான்னு இங்கன சொன்னோம். அவ சுகமாகல. அப்பவும் காய்ச்சல் இருந்துச்சு, வலி இருந்துச்சு. டாக்டர் கேட்டாக. நான் இல்லேன்னு சொன்னேன். பொய் சொன்னது நான். பிள்ளை சொல்லல. இப்பவும் அவளுக்கு வலிக்குது. கால் கட்டையாப் போச்சு. இதான் எஞ்சாட்சி.”

பின்வரிசையில் ஒரு பெரியவர், சாட்சி முடிந்தால் சொல்கிற பழக்கத்தில், “ஆமென்” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார். கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். உட்காருங்க சிஸ்டர் என்றார். ஏதோ ஒரு பாட்டை ஆரம்பித்தார். பாதிப் பேர்தான் பாடினார்கள். கஞ்சிராக்காரர் கடைசிவரை தட்டவே இல்லை.

ஜேசுராஜ் ஆண்கள் பக்கத்தில் குனிந்தபடி இருந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் இறங்கியும் அவர் எழவில்லை. கிருபாவதி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கச் சொல்லி ஆட்டோவில் ஏறினாள்.

வெயில் ஏறியிருந்தது. ஷீபா காலை முன் சீட்டுக் கம்பியில் நீட்டி, ஒரு கையை அம்மாவிடம் கொடுத்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிருபாவதிக்கு நெஞ்சு விட்டுப்போனது. அழித்தும் போகவில்லை போலும் என்று நினைத்தாள். மார்க்கெட் தாண்டி ஒரு வேகத்தடை. ஆட்டோ தூக்கிப் போட்டது. கம்பி கட்டிய கால் அதிர்ந்தது.

“ம்மா.”

“என்ன ஆத்தா?”

“வலிக்குது.”

கிருபாவதி அசையாமல் இருந்தாள். அசைந்தால் பிள்ளை நிறுத்திவிடுமோ என்று பயம்.

“இப்ப மட்டும் இல்ல. தெனமும் வலிக்குது. கடமலைக்குண்டு அக்கா வந்தப்ப வலிச்சுச்சு. அந்த மதுரை டாக்டர் கேட்டப்பவும் வலிச்சுச்சும்மா, ரொம்ப.”

“தெரியும் ஆத்தா.”

ஷீபா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“ஒனக்குத் தெரியுமா?”

இதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று கிருபாவதி பின்னாளில் பல நாள் யோசித்திருக்கிறாள். அந்த நேரத்தில் தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிள்ளை தன் கையை அம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு, வெளியே ஓடுகிற கடைகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அடுத்த வேகத்தடை வந்துகொண்டிருந்தது.

“மெதுவாப் போங்கண்ணே,” என்றாள் கிருபாவதி. “பிள்ளைக்குக் கால் வலிக்குது.”